வெந்நீர்க்கலமும் வறண்ட பாறை நிலமும்

மார்கழி, தை மாதங்களில் திருமலையிலும் அதன் அடிவாரத்திலுள்ள திருப்பதி நகரிலும் பொழுது புலருமுன்பே யாத்திரிகர்கள் நீராடத் தொடங்கிவிடுகின்றனர். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் அமைந்த திருமலையில் அந்நேரத்துக் குளிர் சாதாரணமானதன்று. ஆகவே விடுதி அறைகள்தோறும் மின் வெந்நீர்க்கலம் இன்றியமையாத சாதனமாகிவிட்டது. மக்கள் இதனைக் ‘கீசர்’ என்றே அழைக்கின்றனர். சித்தூர், பலமனேர், புத்தூர் முதலிய ஊர்களின் இல்லங்களிலும், மாணவர் விடுதிகளிலும் இன்று இது பரவலாகக் காணப்படுகிறது. கலம் வாங்க வசதியற்ற இடங்களில் வாளியில் தொங்கவிடும் ‘ஹீட்டர் ராடு’ அதன் வேலையைச் செய்கிறது.

இச்சாதனம் பழுதுறும்போது எழும் முறையீடுகள் பெரும்பாலும் மூன்றே. நீர் சுடவில்லை என்பது ஒன்று. போட்டவுடன் விசை விழுந்துவிடுகிறது என்பது மற்றொன்று. குழாயைத் தொட்டால் ‘ஷாக்’ அடிக்கிறது என்பது மூன்றாவது. முதலிரண்டையும் உடனே சொல்லும் மக்கள், மூன்றாவதைக் கடைசியில், அதுவும் கேட்டால்தான் சொல்லுகின்றனர். சிறு குத்தல்தானே என்று பொறுத்துக்கொண்டு குளித்து வருவோரும் உண்டு. ஆனால் உயிருக்கு ஊறு விளைவிப்பது அந்த மூன்றாவதேயாகும். 2022 ஏப்ரல் முதல் தனித்தனி மாவட்டங்களாக விளங்கும் சித்தூர், திருப்பதி ஆகிய இவ்விரு பகுதிகளிலும் அதற்கு இரண்டு இயற்கைக் காரணங்கள் துணை நிற்கின்றன. நிலத்தடியிலிருந்து இறைக்கும் நீரின் கடினம் ஒன்று. நீரைத் தாங்கிநிற்கும் பாறை மற்றொன்று.

கலத்தின் உள்ளமைப்பு

கலத்தின் உள்ளே இருப்பவை அதிகமில்லை. நிக்கலும் குரோமியமும் கலந்த சுருள்கம்பி ஒன்று செம்பு அல்லது எஃகுக் குழலினுள் வைக்கப்பட்டு, கம்பிக்கும் குழலுக்கும் இடையே மக்னீசியம் ஆக்ஸைடுத் தூள் இறுக அடைக்கப்பட்டிருக்கிறது. இத்தூள் வெப்பத்தை எளிதில் கடத்தும்; மின்சாரத்தைக் கடத்தாது. இந்த அரிய குணமே கருவியின் உயிர்நாடி. நீர் குறித்த சூட்டை எட்டியதும் மின்னோட்டத்தை நிறுத்தத் தெர்மோஸ்டாட் இருக்கிறது. அது தவறினால் காப்பதற்கு, கையால் அழுத்தி மீட்கவேண்டிய மற்றொரு வெப்பத் துண்டிப்பானும், மிகுந்த அழுத்தத்தை வெளிவிடும் வால்வும் உள்ளன. வெந்நீர்க்கலங்களுக்கான இந்தியத் தர நிர்ணயம் 2082 இவற்றைக் கட்டாயமாக்கியுள்ளது.

சோதனைக்கு உதவும் எண்கள் சில உள. 230 வோல்ட்டில் 2,000 வாட் கலம் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் மின்னோட்டம் ஏற்கும். அதன் சுருளின் மின்தடை சுமார் 26 ஓம். 1,000 வாட் ஹீட்டர் ராடுக்கு அது 53 ஓம். 3,000 வாட் கலத்திற்கு 17.6 ஓம். 15 லிட்டர் நீரை 25 பாகையிலிருந்து 60 பாகை செல்சியஸுக்குச் சூடாக்க 2,000 வாட் கலத்திற்குப் பதினெட்டு நிமிடங்கள் போதும். இவ்வெண்களைக் கையேட்டில் குறித்து வைத்துக்கொள்வது களப்பணியாளருக்கு நலம்.

நீர் தாமதமாகச் சுடுகிறது என்ற முறையீட்டில் பாதிக்கு மேல் கலத்தின் குற்றமே இராது. விடியற்காலையில் எல்லாக் கலங்களும் ஒருசேர இயங்கும்போது தெருக்கோடியில் மின் அழுத்தம் இறங்கிவிடும். 230 வோல்ட் 180 ஆகக் குறைந்தால் 2,000 வாட் கலம் 1,225 வாட் அளவே வேலை செய்யும். பதினெட்டு நிமிட வேலைக்கு முப்பது நிமிடம் பிடிக்கும். அழுத்தத்தை அளந்து பாராமல் சுருளை மாற்றுவது வீண் செலவு.

நீரின் கடினம்

திருப்பதி நகருக்கு வரும் கல்யாணி அணை நீரும், திருமலையில் பாபவிநாசம், கோகர்ப்பம் ஆகிய அணைகளில் தேங்கும் நீரும் மழைநீரே. அவற்றால் கலங்களுக்கு இடையூறு குறைவு. ஆனால் வறட்சிக் காலத்தில் லாரிகளில் வந்து தொட்டிகளை நிரப்பும் நீரும், ஊர்ப்புறங்களில் ஆழ்குழாய்க் கிணறுகள் தரும் நீரும் வேறு வகையின. கருங்கற்பாறைப் பிளவுகளில் நெடுங்காலம் ஊறிக்கிடந்த அந்நீரில் சுண்ணாம்பு, மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகள் மிகுதியாகக் கரைந்திருக்கும். நீரைச் சூடாக்குங்கால் இவற்றில் ஒரு பகுதி கரையாத சுண்ணக் கார்பனேட்டாக மாறி, எல்லாவற்றிலும் சூடான இடமாகிய சுருள்குழலின் மேற்பரப்பிலேயே படிகிறது. வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாக ஒட்டுவதும் இதுவே.

இங்கு ஒரு தவறான கருத்தைத் திருத்த வேண்டியுள்ளது. படிவு ஏறினால் கலம் குறைந்த வெப்பத்தையே தரும் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. சுருள் ஏற்கும் வாட் அளவு மாறுவதில்லை. அந்த வெப்பம் எப்படியும் நீரைச் சேர்ந்தே தீரும். மாறுவது குழலின் உஷ்ணம் மட்டுமே. ஓடுபோல் மூடிய படிவினூடே அதே அளவு வெப்பத்தைத் தள்ள வேண்டியிருப்பதால், குழல் தன் இயல்புக்கு மேல் பலமடங்கு காய்கிறது. காய்ந்து விரிந்து, குளிர்ந்து சுருங்கி, மாதங்கள் செல்லச் செல்லக் குழலில் மயிரிழை போன்ற வெடிப்புத் தோன்றுகிறது. அவ்வெடிப்பின் வழியே நீர் கசிந்து மக்னீசியம் ஆக்ஸைடை அடைகிறது. உலர்ந்திருக்கும்வரை மின்சாரத்தைத் தடுத்து நின்ற தூள், நனைந்ததும் அதற்கு வழிவிடுகிறது. கலத்தின் உலோக உடலில் மின்சாரம் ஏறிவிட்டது. ஆயினும் சுருள் அறுபடவில்லையாதலால் நீர் வழக்கம்போல் சுடும், விளக்கும் எரியும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு குறையும் தெரியாது.

பாறையும் நில இணைப்பும்

மின்சாரம் ஏறிய உடலைக் காப்பது ‘எர்த்து’ எனப்படும் நில இணைப்பு என்று பாடநூல்கள் கூறும். கசியும் மின்சாரம் நிலத்தினுள் பாய, மின்னோட்டம் பெருகி, பியூஸ் உருகிவிடும் என்பது அதன் தத்துவம். தத்துவம் மெய்யே. ஆனால் அது எந்த நிலத்தில் மெய்யாகும் என்று கேட்க வேண்டும்.

திருமலைக்கு ஏறும் மலைப்பாதையின் ஓரத்தில் புவியியல் மாணவர் நின்று பார்க்கும் இடம் ஒன்றுண்டு. கீழே மிகத் தொன்மையான கிரானைட்; அதன்மேல் நேரே குவார்ட்சைட் பாறை. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ எண்பது கோடி ஆண்டுகளின் வரலாறு விடுபட்டுள்ளது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை இதனைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாகக் கொண்டுள்ளது. புவியியலாருக்கு விருந்தாகிய அவ்விரு பாறைகளும் மின்பணியாளருக்குத் தொல்லை தருவன. இரண்டுமே மின்சாரத்தை எளிதில் கடத்தா. மேல்மண் மெல்லியதாயும், கோடையில் பல மாதங்கள் உலர்ந்தும் கிடப்பது தொல்லையைப் பெருக்குகிறது.

கணக்கிட்டுப் பார்ப்போம். 4 சென்டிமீட்டர் விட்டமும் 3 மீட்டர் நீளமும் உள்ள இரும்புக் குழாய் ஒன்றை, 100 ஓம்-மீட்டர் தன்தடை கொண்ட மண்ணில் செங்குத்தாகப் புதைத்தால், நில இணைப்பின் தடை ஏறத்தாழ 30 ஓம் ஆகிறது. இப்போது பேஸ் கம்பி கலத்தின் உடலையே தொட்டுவிட்டதெனக் கொள்வோம். 230 வோல்ட்டை 30 ஓமால் வகுத்தால் கிடைப்பது 7.7 ஆம்பியர். இது கலம் தன் வேலைக்காக ஏற்கும் 8.7 ஆம்பியரிலும் குறைவு! இரண்டும் சேர்ந்தாலும் 16 ஆம்பியரைச் சற்றே தாண்டும். 16 ஆம்பியர் விசை அவ்வளவிற்கு விழுவதில்லை. அது விழாதவரையில் கலத்தின் உடல் 200 வோல்ட்டுக்கு மேல் தாங்கியபடி நிற்கும். மண்ணுக்குப் பதில் உலர்ந்த சரளையும் பாறையுமாக இருந்து தன்தடை 1,000 ஓம்-மீட்டர் ஆனாலோ, இணைப்பின் தடை 300 ஓம். பாயும் மின்னோட்டம் முக்கால் ஆம்பியரே. இத்தகைய நிலத்தில் நில இணைப்பை மட்டும் நம்பி, பியூஸ் காக்கும் என்றிருப்பது பெரும் பிழை.

நில இணைப்பைச் செப்பனிடும் முறைகளை 1966-இல் முதலில் வெளியான இந்தியத் தர நிர்ணயம் 3043 விரிவாகக் கூறுகிறது. குழியில் கரியும் உப்பும் இடுதல், கோடையில் நீரூற்றுதல், ஒன்றுக்கு மேற்பட்ட குழாய்களைத் தொலைவில் புதைத்து இணைத்தல் ஆகியவை யாவரும் அறிந்தவை. இவை தடையைக் குறைக்கும், ஐயமில்லை. ஆனால் விடுதி கட்டி முடித்தபின் முற்றத்திற்குச் சிமெண்டுத் தளம் போடுகையில் நீரூற்றும் வாயையே மூடிவிடுவது பல இடங்களில் காணும் காட்சி. மூடியைத் திறக்க முடியாத குழியில் யார் நீரூற்றுவது?

முழுக் காப்புத் தருவது கசிவு மின்னோட்டத் துண்டிப்பான். கடைகளில் இதனை ‘ஆர்.சி.சி.பி.’ என்பர், பழைய பெயர் ‘இ.எல்.சி.பி.’. பேஸ் கம்பியில் செல்லும் மின்னோட்டத்தையும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டத்தையும் இது இடையறாது ஒப்பிடுகிறது. சென்றதில் 30 மில்லி ஆம்பியர் திரும்பி வராவிடில், அது வேறெங்கோ பாய்கிறது என்று பொருள். நொடியில் ஒரு சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். மேற்சொன்ன 300 ஓம் நில இணைப்பிலும் 30 மில்லி ஆம்பியர் பாய 9 வோல்ட் போதும். அதாவது உடலில் அபாயகரமான அழுத்தம் நிலைக்குமுன்பே மின்சாரம் நின்றுவிடுகிறது. பாறை நிலத்திற்கு இதனினும் பொருத்தமான காப்பு வேறில்லை. மத்திய மின்சார ஆணையத்தின் 2010-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிகளும், அவற்றின் இடத்தில் 2023-இல் வந்த விதிகளும், குறிப்பிட்ட சுமைக்கு மேற்பட்ட இணைப்புகளுக்கு இத்தகைய காப்பை வலியுறுத்துகின்றன.

இத்துண்டிப்பான் அடிக்கடி விழுந்தால் நிகழ்வது என்ன? யாத்திரிகர் கூட்டம் மிகுந்த நாளில், விடுதியில் பணிபுரிவோர் எவரையேனும் அழைத்து, அதனைத் தவிர்த்துக் கம்பியை நேரே இணைத்துவிடச் செய்கின்றனர். உடனே நீர் சுடும், எல்லோருக்கும் திருப்தி. பழுது தீர்ந்ததாகக் கணக்கில் எழுதப்படும். உண்மையில் பழுது அப்படியே இருக்க, அதனை அறிவித்த கருவி மட்டுமே நீக்கப்பட்டது. இத்தகைய ‘ரிப்பேர்’ நடந்த கலங்களைக் கண்டால் களப்பணியாளர் வேறெதையும் ஆராயுமுன் முதலில் அதனைப் பயன்பாட்டிலிருந்து நிறுத்தச் செய்யவேண்டும்.

பழுதை நாடும் முறை

துண்டிப்பான் எப்பொழுது விழுகிறது என்று கேட்டறிவதே பாதிச் சோதனை. கலத்தின் விசையைப் போட்ட கணமே விழுமாயின், குழல் நன்றாக வெடித்து நீர் புகுந்துவிட்டது, அல்லது முனைகளில் நீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. ஐந்து, பத்து நிமிடம் கழித்து விழுமாயின், குளிர்ந்திருக்கையில் மூடிக்கிடக்கும் மயிரிழை வெடிப்புச் சூட்டில் விரிந்து வாய் திறக்கிறது எனக் கருதலாம். விசையைப் போடாமலே விழுமாயின் பழுது கலத்தில் இல்லாமலும் இருக்கலாம். நியூட்ரல் கம்பி எங்கோ எர்த்துக் கம்பியைத் தொடுகிறதா என்று கட்டிடத்தின் கம்பிகளைப் பார்க்கவேண்டும். நெடுநாள் பயனின்றிக் கிடந்த கலம் மழைக்காலத்தில் முதன்முறை மட்டும் தொல்லை தருவதுண்டு. முனைகளின் வழியே ஈரக்காற்றை ஈர்த்துக்கொண்ட மக்னீசியம் ஆக்ஸைடே அதற்குக் காரணம். சுருளைக் கழற்றி இளஞ்சூட்டில் சில மணி நேரம் உலர்த்தி, 500 வோல்ட் மெக்கரால் அளந்து, ஒரு மெகா ஓமுக்கு மேல் நிலைத்து நின்றால் மீண்டும் பொருத்தலாம். நில்லாவிடில் புதுச் சுருளே வழி.

நீர் சுடவே இல்லையெனில் தேடவேண்டிய வரிசை வேறு. முதலில் பிளக்கையும் சாக்கெட்டையும் பார்த்தல் வேண்டும். தளர்ந்த தொடர்பில் அரை ஓம் தடை ஏற்பட்டால் அவ்விடத்தில் மட்டும் 36 வாட் வெப்பம் பிறக்கும். பழுப்பேறிய பிளக்கு, கருகிய வாடை, பிளாஸ்டிக் இளகுதல் ஆகியவை அதன் அடையாளங்கள். விடுதி அறைகளில் விளக்கிற்கென அமைந்த 6 ஆம்பியர் சாக்கெட்டில், இடைப்பொருத்தி ஒன்றைச் செருகி ஹீட்டர் ராடைப் போடுவது இவ்வகைக் கருகலுக்கு முதற்காரணம்.

அடுத்து, டெஸ்டர் என்னும் நியான் விளக்குத் திருகியை நம்பி ஏமாறக் கூடாது. நியூட்ரல் கம்பி அறுந்திருக்கையில், பேஸிலிருந்து வரும் அழுத்தம் சுருளின் வழியே மறுமுனை வரை பரவி நிற்கும். எனவே இரு முனைகளிலும் டெஸ்டர் ஒளிரும். ‘மின்சாரம் வருகிறது, சுருள்தான் போய்விட்டது’ என்று முடிவுகட்டி நல்ல சுருளைக் கழற்றி எறிந்தவர் பலர். இரு முனைகளுக்கு இடையே வோல்ட் அளவியை வைத்துப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும்.

அழுத்தம் சரியாக இருந்தால், பிரதான விசையை நிறுத்தி, நின்றதை அளவியால் உறுதிசெய்து, மூடியைத் திறந்து சுருளின் தடையை அளக்கலாம். 26 ஓம் வரவேண்டிய இடத்தில் முடிவிலி வந்தால் சுருள் அறுந்தது. சுருள் நன்றாயிருந்து வெப்பத் துண்டிப்பான் விழுந்திருந்தால் அதன் பொத்தானை அழுத்திவிட்டு அகல்வது போதாது. அது விழக் காரணம் உண்டு: தெர்மோஸ்டாட்டின் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது கலத்தில் நீரின்றிச் சுருள் காய்ந்திருக்கலாம். கடின நீர் ஊர்களில் ஆண்டுக்கொரு முறை கலத்தைக் கழற்றிப் படிவை நீக்குவதும், அரிமானத்திற்குத் தன்னைப் பலியிடும் மக்னீசியத் தண்டைப் பார்ப்பதும் செலவைக் குறைக்கும். கலத்தைத் திறந்து செய்யும் வேலைகளனைத்தும் உரிமம் பெற்ற மின்பணியாளரைச் சார்ந்தவை.

ஷாக் அடிக்கிறது என்ற முறையீட்டிற்கு மட்டும் வரிசை ஏதும் வேண்டா. உடனே மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். முன்னாளில் இரும்புக் குழாய்கள் தாமே ஓரளவு நில இணைப்பாகப் பயன்பட்டன. இன்று பெரும்பாலும் பிளாஸ்டிக் குழாய்கள். அவற்றினுள் நிற்கும் நீரோ மின்சாரத்தைக் கடத்துகிறது. உப்புக் கலந்த ஆழ்குழாய் நீரின் தன்தடை 10 ஓம்-மீட்டர் என்று கொண்டால், 15 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள அரை மீட்டர்க் குழாயில் அது சுமார் 28,000 ஓம் தடையே. கலத்தில் 230 வோல்ட் ஏறியிருந்தால் நீர் வழியாகவே 8 மில்லி ஆம்பியர் பாயக்கூடும். பிடித்த கையை விடமுடியாமற்போகும் அளவு சுமார் 10 மில்லி ஆம்பியர் என்பதை நோக்க, ‘சிறு குத்தல்’ எவ்வளவு சிறியது என்பது விளங்கும்.

சக்கரத்தின்மேல் வீடு

படுக்கை, சமையல், குளியல் வசதிகளுடன் கூடிய யாத்திரை வண்டிகளுக்கு மேற்கூறியவை இன்னும் கடுமையாகப் பொருந்தும். வண்டியின் 12 வோல்ட் மின்கலத்திலிருந்து 1,000 வாட் எடுக்க 83 ஆம்பியர் வேண்டும். ஆதலால் அத்தகைய வண்டிகளில் நீரைச் சூடாக்குவது எரிவாயு, அல்லது நிறுத்துமிடத்தில் இணைக்கும் 230 வோல்ட் மின்சாரம். 12 வோல்ட் என்பது பொறி உண்டாக்கவும் வால்வைத் திறக்கவுமே உதவும். பொறி எழாவிடில் மின்கலத்தை வேலையின்போது அளக்க வேண்டும். வெறுமனே நிற்கையில் 12.6 வோல்ட் காட்டும் பழைய மின்கலம் சுமை ஏறியதும் தளர்ந்துவிடும். சட்டத்துடன் இணைந்த திருகாணி துருப்பிடித்தாலும் விளைவு அதுவே.

230 வோல்ட்டுக்கு மாறும்போதுதான் கவனம் மிகவும் தேவை. ரப்பர்ச் சக்கரங்களின்மேல் நிற்கும் வண்டிக்கு நிலத்துடன் இயற்கையான தொடர்பு ஏதுமில்லை. இணைப்புக் கம்பியின் மூன்றாவது இழையே அதன் ஒரே எர்த்து. விடுதி முற்றத்துச் சாக்கெட்டில் அந்த மூன்றாவது துளை வெறுந்துளையாக இருந்து, கலமும் கசிந்தால், வண்டி முழுவதும் மின்சாரம் ஏறி நிற்கும். உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் தோன்றாது. ஈர மண்ணில் வெறுங்காலுடன் நின்று கதவின் கைப்பிடியைப் பற்றுபவரே அதனை உணர்வார். இரவில் வண்டியை இணைக்குமுன் சாக்கெட்டின் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஒரு சோதனை விளக்கை வைத்துப் பார்த்தல் வேண்டும். விளக்கு எரியாவிடில் அச்சாக்கெட்டை நாடலாகாது. துண்டிப்பான் உள்ள இணைப்பாயின் இச்சோதனையில் அது விழுந்துவிடும். அதுவும் நல்ல அறிகுறியே.

பாறை நிலத்தின் தன்மையை வகுப்பில் காட்ட ஆசிரியருக்குப் பெருங்கருவிகள் வேண்டுவதில்லை. மூன்று கண்ணாடிப் பாத்திரங்களில் உலர்ந்த மணல், நல்ல நீரால் நனைத்த மணல், உப்புநீரால் நனைத்த மணல் ஆகியவற்றை நிரப்பி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஆணிகளைச் சம இடைவெளியில் ஊன்ற வேண்டும். 9 வோல்ட் சிறு மின்கலமும் ஒரு மில்லி ஆம்பியர் அளவியும் போதுமானவை. வீட்டு மின்சாரத்தை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தலாகாது. உலர்ந்த மணலில் முள் அசையாது. மற்ற இரண்டில் வரிசையாக ஏறும். நனைந்த பாத்திரங்களை வெயிலில் வைத்து, நாள்தோறும் அதே நேரத்தில் அளவெடுத்துக் கரும்பலகையில் வரைபடம் வரையச் செய்தால், சித்திரை வெயில் ஓர் எர்த்துக் குழியை என்ன செய்கிறது என்பதை மாணவர் ஒரு வாரத்தில் கண்டுகொள்வர். பின்னர் அவரவர் வீட்டில் நில இணைப்புக் குழி எங்கே உள்ளது, அதற்குக் கடைசியாக நீரூற்றியது எப்பொழுது என்று கேட்டு எழுதிவரச் சொல்லலாம்.